கரையும் மை

அக்கா இருக்கும் ஊரில் வெயில் காலை ஒன்பது மணிக்கே பல்லைக் காட்டியது. விடுமுறைக்கு வந்திருந்த தங்கை, அக்கா கணவர் மேலாளராக இருக்கும் மரக்கிடங்குக்கு எதிரே, பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தாள்.

நல்ல பேனாவைத் தன் ஊரிலேயே மறந்துவிட்டு வந்தது அவள் தப்பு. கையிலிருந்த பேனாவின் மை தண்ணீர் பட்டால் கரையும். அவள் உள்ளங்கையோ குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வேர்க்கும். இந்த ஒரு வாரத்தில் வரைந்த மணிக்கூண்டு, பாலம், பேருந்து நிலையம் எல்லாம் அந்தக் கை பட்டுக் கலங்கிப்போயிருந்தன.

"வெள்ளம் வந்த ஊரையா வரையிறே?" என்று அக்கா கேட்டாள்.

இன்று தாளின் மேல் கைக்குட்டையை விரித்து அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டாள். படம் பிழைத்தது. அதுவும் ஓர் ஆளின் படம். மனிதர்களை வரைய அவளுக்குக் கூச்சம். நாம் நிமிர்ந்து பார்த்தால் அவர்களும் பார்ப்பார்களே. கிடங்குக் காவலாளி பார்க்கவில்லை. நாற்காலியில் வாயைப் பிளந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். மீசை நரை வரை அச்சாக வந்திருந்தது.

தாளில் நிழல் விழுந்தது. காவலாளி எதிரே நின்றார்.

"இது நானாம்மா?"

தலையாட்டினாள்.

"நீங்க சாரோட மச்சினிதானே? இதை அவர் பார்ப்பாரா?"

பார்ப்பார். மதியம் சாப்பாட்டுக்கு அழைத்துப்போக வரும்போதெல்லாம் நோட்டைப் புரட்டாமல் விடமாட்டார்.

"இன்னொரு தடவை தூங்கினா வீட்டுக்குப் போயிடுன்னு சொல்லியிருக்கார்மா. ராத்திரி ஆள் வரல. நேத்துலேருந்து நான்தான் நிக்கிறேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "கண்ணை மட்டும் திறந்து விட்ருங்களேன்."

"வாய் இவ்வளவு திறந்திருக்கேண்ணே. கண்ணையும் திறந்தா செத்துப்போன மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும். செத்தவனுக்கு வேலை போகாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் தெருமுனையில், வெளி வேலையாகப் போயிருந்த மாமாவின் கார் திரும்பியது. காவலாளி ஓடிப்போய் வாசலில் கம்பம் மாதிரி நின்றார்.

தாளைக் கிழித்தால் ஏன் என்று கேட்பார். அவளுக்குப் பொய் வராது. அந்த மீசையை ஒருமுறை பார்த்தாள். பிறகு கைக்குட்டையை எடுத்துவிட்டு, உள்ளங்கையை முகத்தின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள்.

மாமா கார் ஜன்னல் வழியே நோட்டை வாங்கினார். "கிடங்கு கேட் நல்லா வந்திருக்கு. நாற்காலியில என்ன, சாக்கு மூட்டையா?"

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். முழுக்க நீலம்.

"உன் கைக்குன்னு தனியா ஒரு ஃபேன் வாங்கணும்" என்று சிரித்து, நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அவள் ஏறியதும் கார் கிளம்பியது. காவலாளி அடித்த சல்யூட் மாமாவுக்குத்தான். பார்வை மட்டும் பின் சீட்டுக்கு வந்தது. அவள் முன்னால் சாய்ந்தாள்.

"மாமா, நேத்து ராத்திரியும் அவர்தான் நின்னாராம்."

"அப்படியா? எங்கிட்ட யாரும் சொல்லலியே." மாமா காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஃபோனை எடுத்தார். "வாசலுக்கு வேற ஆளை அனுப்பு. அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கட்டும்."

கார் மறுபடி நகர்ந்தது. நீலக் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். அனல் காற்றுதான், ஆனாலும் வேர்வை காய்ந்தது.