கார்ப்பெட் நனையக் கூடாது

"குடத்துக்குள்ள தண்ணி ஊத்தேலாதாம் அண்ணி. கார்ப்பெட் நனையுமாம்," என்றான் குலசேகரம்.

தகன மண்டபத்தில் அவன் தோளில் இருந்தது குடமே அல்ல. லண்டனில் மண்குடம் அகப்படாமல், செடி வைக்கிற பூச்சாடியை வாங்கி வந்திருந்தான். அடியில் ஏற்கெனவே ஓட்டை. சுற்றுக்குச் சுற்று கொத்துகிற வேலை மிச்சம் என்று காரில் வரும்போது சிரித்தான். முன்னால் போகிற சவப்பெட்டிக்குள் சொந்த அண்ணன் என்பது நினைவு வர, இருமிக்கொண்டான்.

வசந்தமலர் பெட்டியைப் பார்த்தாள். அகதியாக வந்த நாளிலிருந்து அவள் கணவர் தில்லையம்பலத்துக்குப் பெற்றோல் ஷெட்டில் இரவு ஷிப்ட். கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து நூலகப் புத்தகம் வாசிப்பார். விடிந்தால் குட்மேய்ஸ் பகுதி வீட்டில் அவளுக்குப் பிரசங்கம்.

"தேலிஸ் எண்டு ஒரு கிரேக்கன், மலர். உலகத்தைத் தெய்வங்கள் செய்தது எண்டு ஊரே கதை சொல்லேக்கை, எல்லாம் தண்ணியிலயிருந்துதான் வந்தது எண்டவன். பூமியும் தண்ணியிலதான் மிதக்குதாம்."

"மிதக்கட்டும். சிங்குக்கை மிதக்கிற கோப்பையளைக் கழுவுங்கோ."

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில், வாயால் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்ற அட்டை தலைமாட்டில் தொங்கியது.

"மலர், ஒரு மிடறு தண்ணி."

"நேர்ஸ் ஏசுவா. உங்கடை தேலிஸிட்டைக் கேளுங்கோ."

அவருக்குச் சிரிப்பு வந்தது. வெடித்த உதட்டில் இரத்தம் பொட்டுப்போல எழும்பியது. பின்னேரம் போய்விட்டார்.

அன்றைய தண்ணீர்ப் போத்தல் திறக்கப்படாமல் இன்னும் அவள் கைப்பைக்குள் கிடந்தது. வெளியே எடுத்து மூடியைத் திருகினாள்.

"தம்பி, கொஞ்சம் குனியும்."

"ஐயோ அண்ணி, மண்டபத்து வெள்ளைக்காரன் பாக்கிறான்."

"பாக்கட்டும். குனியும்."

முழுவதையும் பூச்சாடிக்குள் கவிழ்த்தாள். அவன் நடக்கத் தொடங்கியதும் தண்ணீர் ஓட்டையால் இறங்கி, அவனுடைய இரவல் கோட்டுத் தோளை நனைத்து, பெட்டியைச் சுற்றிக் கார்ப்பெட்டில் கோடு இழுத்தது. இரண்டாம் சுற்றிலேயே வற்றிப்போயிற்று.

"மூண்டாவதும் சுத்தும்," என்றாள்.

வெறும் சாடியோடு சுற்றினான். பிறகு கொள்ளிக்குப் பதிலான பொத்தானை அழுத்தினான். பெட்டிக்கு முன்னால் திரை மூடியது.

கறுப்புக் கோட்டு வெள்ளைக்காரர் மஞ்சள் எச்சரிக்கைப் பலகை ஒன்றைக் கொண்டுவந்து ஈரத்தின்மேல் விரித்து வைத்தார். அதில் ஒருவன் கையைக் காலை விரித்து வழுக்கி விழுந்துகொண்டிருந்தான். அடுத்த சாவீட்டுக்காரர் அதை விலத்தி உள்ளே வந்தார்கள்.

வசந்தமலர் வெறும் போத்தலின் மூடியை இறுக்கித் திருகினாள். அது இறுகிய பிறகும் திருகிக்கொண்டிருந்தாள்.