தலையில் சுமந்த தீனி

எங்கள் விரிகுடாவில் கடற்பாசி அழிந்ததிலிருந்து கடல் முள்ளெலிகளுக்குப் பட்டினிதான். முள் போர்த்திய உருண்டை ஓடு பெரிதாக இருக்கும். உடைத்தால் உள்ளே விற்பதற்குச் சதை இருக்காது; வெறும் தண்ணீர். முக்குளிக்கும் கிகுயே அவற்றை அள்ளி வந்து கூண்டில் விட்டாள். கொழுக்க வைக்கும் தீனியைச் செய்வது என் பொறுப்பு. வசந்தத்துக்குள் சதை பிடிக்காவிட்டால் கூண்டு கட்டிய இடத்தைச் சிப்பி வளர்ப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மீனவர் சங்கம் சொல்லியிருந்தது.

முதலில் உருண்டைகளாகப் போட்டேன். காலையில் ஒன்றுகூட இல்லை. எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஆனால் சில வாரம் கழித்து உடைத்தால் ஓட்டுக்குள் அதே தண்ணீர்! முள்ளெலி மீனைப்போல் பாய்ந்து விழுங்காது. அடிப்பக்கத்து வாயில் இருக்கும் ஐந்து பற்களால் சாவகாசமாகச் சுரண்டித் தின்னும். அதற்குள் என் உருண்டைகள் கரைந்து வலைக்கண் வழியே போயிருந்தன.

அடுத்த முறை வெளியூரிலிருந்து வாங்கிய ‘கொம்பு’ என்ற சமையல் கடற்பாசியின் கழிவுத் தூள், சோயாப் பிண்ணாக்கு, சதையின் நிறத்துக்குக் கொஞ்சம் பரங்கிக்காய்த் தூள் மூன்றையும் பாசியிலிருந்தே எடுத்த பசையில் பிசைந்து அப்பளம்போல் தட்டினேன். சுண்ணாம்புச் சத்துள்ள நீரில் தோய்த்தால் அந்தப் பசை இறுகிவிடும்; லேசில் கரையாது.

மறுநாள் கூண்டைத் தூக்கிய கிகுயே விழுந்து விழுந்து சிரித்தாள். ஒவ்வொரு முள்ளெலியின் தலையிலும் ஒரு தீனித் தகடு.

“பாருடி, உன் சமையலுக்குக் கெடச்ச மரியாதைய! தொப்பி போட்டுக்கிட்டு உக்காந்திருக்குங்க.”

தின்னவே இல்லையோ என்று குனிந்து பார்த்தேன். முட்களுக்கு நடுவே நூல்போன்ற கால்கள் தகட்டைப் பிடித்து, மெல்ல மெல்ல வாய்ப்பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தன.

“தொப்பி இல்லடி, தட்டு! ஓரத்தப் பாரு, கடிச்ச தடம்.”

“அட ஆமா! என் வீட்டுக்காரரு தோத்தாரு போ. அவருகூட இவ்ளோ மெதுவாச் சாப்பிட மாட்டாரு.”

வசந்தத்தில் சங்கத் தலைவர் நகட்சுகா வந்தார். பிண்ணாக்குச் சத்து அதிகமானால் சதை கசக்கும். அதனால் கடைசி வாரங்களில் வெறும் பாசிதான் போட்டிருந்தேன். இருந்தாலும் பயம் விடவில்லை. கிகுயே ஒன்றை உடைத்தாள். ஓட்டை முட்டிக்கொண்டு ஐந்து மஞ்சள் சுளைகள். தலைவர் பச்சையாகவே வழித்து வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

“கசக்கல,” என்றார். “ஆனா ஒன்ன வெச்சு முடிவு பண்ண முடியுமா? இன்னொன்னு உடை.”

இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதும் போயிற்று.

“தலைவரே, நீங்க முடிவு பண்றதுக்குள்ள கூண்டு காலியாயிடும்,” என்றேன்.

“இடம் உனக்குத்தாம்மா. சிப்பிக்காரங்களுக்கு வேற இடம் பாத்துக்கலாம்.” சொல்லும்போதே கை நான்காவதை நோக்கி நீண்டது.

“அப்ப இருங்க,” என்று எழுந்தேன். “சுடச்சுடச் சோறு கொண்டு வர்றேன்.”