மூன்றாம் அத்தியாயத்து நாய்

எங்கள் நூலகத்தின் இளையோர் அறைச் சுவரில் ஒரு சுவரொட்டி இருக்கிறது. நாலு பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் குதிக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், புத்தகம் படித்துவிட்டுக் குதித்த ஒருவரையும் பார்த்ததில்லை. படிக்கச் சொன்னதும் ஜன்னல் வழியாகக் குதித்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தரைத்தளம் என்பதால் பிழைத்தார்கள்.

அந்த அறைக்கு நான்தான் பொறுப்பு. பொறுப்பு என்பது பெரிய வார்த்தை. பதினான்கு அலமாரி, ஆறு மேசை, சுற்றினால் முனகும் ஒரு மின்விசிறி, ஒரு தேதி முத்திரை, நான்.

எங்கள் தலைமை நூலகருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சுற்றறிக்கை. 'டீ குடிக்கலாமா' என்று கேட்பதிலும் இரண்டு உட்பிரிவு வைக்கிற மனிதர். விடுமுறை தொடங்கிய முதல் நாள் அறை வாசலில் வந்து நின்றார்.

"இந்த மாசம் 'படித்ததில் பிடித்தது'ன்னு ஒரு போட்டி. பசங்க தங்களுக்குப் பிடிச்ச புத்தகத்தைப் பத்தி பரிந்துரைச் சீட்டு எழுதி பலகையில குத்தணும். மாசக் கடைசிக்குள்ள இந்த அறையிலேருந்து நாப்பது இரவல் போயிருக்கணும். இல்லேன்னா இதைக் கூட்ட அறையா மாத்தலாம்னு மேலிடத்துல உத்தேசம்."

எங்கள் கட்டடத்தில் மேலிடம் என்றால் மாடி. மாடியில் அவர் ஒருவர்தான் உட்கார்ந்திருக்கிறார்.

போன மாதம் அந்த அறையிலிருந்து போன இரவல் மூன்று. அதில் ஒன்று, ஆடுகிற மேசைக் காலுக்கு முட்டுக் கொடுக்க நான் எடுத்தது.

அறை போனால் எனக்கொன்றும் குடி முழுகிவிடாது. நாளிதழ்ப் பிரிவில் ஒரு நாற்காலி கொடுப்பார்கள். ஆனால் தினமும் நாலு மணிக்கு ஒரு பெண் வருவாள். பதிமூன்று, பதினான்கு வயதிருக்கும். பல்லுக்குக் கம்பி கட்டியிருப்பதால் மனதுக்குள் அவளைப் பல்கம்பி என்றே கூப்பிடுவேன். மூலை மேசையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பாள், ஆறு மணிக்குப் போய்விடுவாள். வீட்டில் உட்கார இடமில்லையா, வீடு உட்கார விடுவதில்லையா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் வராமல் போய்விடுவாள் என்று பயம். கூட்ட அறையில் அவளுக்கு நாற்காலி கிடையாது.

ஒரு வாரம் ஆயிற்று. சீட்டு எழுத ஓர் ஈ காக்கைகூட வரவில்லை. அதனால் நானே எழுதினேன். ஏழு பேனா, ஏழு கையெழுத்து. 'விறுவிறுப்பான நடை.' 'என் சிந்தனையைத் தூண்டியது.' ஒரு கையெழுத்தில் புள்ளிக்குப் பதிலாகக் குட்டி இதயம்கூட வரைந்தேன். எனக்கு வயது நாற்பத்தெட்டு. புகழ்ந்த புத்தகங்களில் முக்கால்வாசி நான் படிக்காதவை. பின்னட்டை எதற்கு இருக்கிறது?

ஒன்றை மட்டும் நன்றாகத் தெரியும். தொண்ணூற்றாறு பக்கம், மலை ஏறும் ஓர் இளைஞனைப் பற்றிய நாவல். அதற்கு மட்டும் நாலு சீட்டு எழுதினேன். ஏனென்றால் அதை எழுதியதே நான்தான். பதினொரு வருஷத்துக்கு முன்னால், புனைபெயரில். என் அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. என் குஞ்சு அலமாரியை விட்டு ஒருநாளும் பறந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அக்காவுக்கு ஆஸ்பத்திரி லேபில் ஷிப்ட் வேலை. விடுமுறையில் மகளை என் தலையில் கட்டிவிட்டுப் போவாள். மகளுக்குப் பதினைந்து வயது. வாய் நீளம் கருதி வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். இரண்டு நாள் போனையே பார்த்துக்கொண்டிருந்தவள், மூன்றாம் நாள் சார்ஜ் தீர்ந்துபோய் வேறு வழியில்லாமல் பலகையைப் பார்த்தாள்.

"மாமா, இதெல்லாம் யாரு எழுதினது?"

"பசங்க."

"எந்தப் பசங்க?"

"உன் வயசுப் பசங்கதான்."

"என் வயசுல எவளும் 'விறுவிறுப்பான நடை'ன்னு எழுத மாட்டா. இது ரிட்டயர் ஆகப்போற ஆளு எழுதினது. அதுவும் முட்டிவலி உள்ள ஆளு."

எனக்கு முட்டிவலி உண்டு.

அவள் விடவில்லை. என் நாவலை உருவி, பின்னட்டையைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த தேதிச் சீட்டைக் காட்டினாள். ஒவ்வொரு இரவலுக்கும் அதில் ஒரு முத்திரை விழும். பன்னிரண்டு கட்டங்கள். பன்னிரண்டும் பச்சைப் பிள்ளை மனசு மாதிரி வெள்ளையாக இருந்தன.

"நாலு பேரு படிச்சுட்டு உருகியிருக்காங்க. ஒருத்தர்கூட எடுத்துட்டுப் போகல. எல்லாரும் நின்னுக்கிட்டே படிச்சாங்களா மாமா?"

"அது வந்து..."

"எனக்கு முத்திரை குத்துங்க. இதுல என்னதான் இருக்குன்னு பாக்கறேன்."

குத்தினேன். பதினொரு வருஷத்தில் முதல் வாசகி. சொந்த அக்கா மகளாக இருந்தால் என்ன, வாசகி வாசகிதானே.

மறுநாள் அவள் பலகையில் ஒரு சீட்டைக் குத்தினாள். அதில் இருந்தது இது:

'முப்பதாம் பக்கத்துல தூங்கிட்டேன். பக்கத்து வீட்டு மிக்ஸிதான் எழுப்பிவிட்டுச்சு. ஹீரோ மலை ஏறுறான், யோசிக்கிறான். இறங்குறான், யோசிக்கிறான். மூணாவது அத்தியாயத்துல ஒரு நாய் வருது. மொத்தக் கதையிலயும் உயிரோட இருக்கறது அது ஒண்ணுதான். அதுவும் அப்புறம் வரவே இல்ல. புத்திசாலி நாய், ஓடிப்போச்சு.'

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனதைத் தேற்றிக்கொண்டு, யாரும் பார்ப்பதற்குள் சீட்டைப் பிடுங்கக் கை நீட்டினேன். அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம். பல்கம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். ஆறு மாதமாக வருகிறாள், அவள் குரலை அன்றுதான் கேட்டேன்.

நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.

"நானும் ஒண்ணு திட்டலாமாக்கா?" என்று வக்கீலிடம் கேட்டாள்.

"படிச்சியா?"

"இல்ல."

"படிக்காம திட்டக் கூடாது." வக்கீல் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். "படிக்காம புகழ்றதுக்குத்தான் இங்க ஆளு இருக்கு. முத்திரை வாங்கு, படி, அப்புறம் திட்டு."

அதுவே சட்டமாகிவிட்டது. தேதி முத்திரை இல்லாதவருக்குத் திட்டுச் சீட்டு கிடையாது. வக்கீல் ஒரு மார்க்கரை எடுத்து, பலகையின் தலைப்பில் இருந்த 'பிடித்தது'வை அடித்துவிட்டு 'கடித்தது' என்று எழுதினாள். நான் புழுகி எழுதியிருந்த சீட்டுகளையெல்லாம் கழற்றி என் மேசையில் அடுக்கினாள். "இதைப் பழைய பேப்பர்காரன்கூட எடுக்க மாட்டான்."

பெற்றோர், ஆசிரியர், அரசாங்கம், குதிக்கிற சுவரொட்டி எல்லாம் சேர்ந்து செய்ய முடியாததை நாலு வரி வசவு செய்தது. வக்கீலின் தோழி வந்தாள், அவளுடைய தோழி வந்தாள், அந்தத் தோழியோடு சண்டை போட்டவளும் வேவு பார்க்க வந்தாள். 'சாதிக்கப் பிறந்தவர்' வகைப் புத்தகம் ஒன்றுக்கு ஒருத்தி எழுதினாள்: 'ஆசிரியர் காலையில் நாலு மணிக்கு எழச் சொல்கிறார். இந்தப் புத்தகத்தைப் படித்தால் மறுநாள் நாலு மணி வரை எழ முடியாது.' அறிவியல் கதை ஒன்றுக்கு: 'வேற்றுக்கிரக ஆளுகூட எங்க ஹெச்.எம். மாதிரியே பேசுறார்.'

ஆனாலும் கூட்டம் மொய்த்தது என் நாவலைத்தான். ஒல்லிப் புத்தகம், ஒரே ராத்திரியில் படித்துவிடலாம். மறுநாளே ஓடிவந்து திட்டிவிட்டு அடுத்தவள் கையில் கொடுப்பார்கள். நான் முத்திரை குத்திக்கொண்டே இருந்தேன். தன் இழவுக்குத் தானே பறையடிக்கிற பாக்கியம் எல்லாருக்கும் வாய்க்காது.

வீட்டில் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உன் புத்தகத்தைத்தான் எம்மக பிரிச்சு மேஞ்சுட்டாளாமே!"

"நீ சொல்லிடலையே?"

"சொன்னா அவ நிறுத்திருவா. அந்த நாய் விஷயம் எனக்கும் அப்பவே தோணிச்சுடா."

"பதினோரு வருஷமா ஏன்க்கா சொல்லல?"

"கூடப் பிறந்தவ எப்படிடா சொல்றது? நல்லாருக்குன்னுதான் சொல்ல முடியும்."

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வசவால் அல்ல, அக்காவின் 'நல்லாருக்கு'வால்.

மாதத்தின் கடைசி நாள், மாலை நாலேகாலுக்குச் சுற்றறிக்கை ஆய்வுக்கு வந்தார். இரவல் கணக்கை நீட்டினேன். நாற்பத்து மூன்று. புருவத்தை உயர்த்தினார். பிறகு பலகையைப் பார்த்தார், உயர்ந்த புருவம் கீழே இறங்க மறந்துவிட்டது.

"என்னய்யா இது?"

"பசங்களோட கருத்து சார்."

"இது கருத்தா? குழாயடி! எழுத்தாளர் யாராவது பாத்துட்டு ஆட்சேபணை தெரிவிச்சா யாரு பதில் சொல்றது? இந்த மலைக் கதைக்கு மட்டும் பன்னெண்டு சீட்டு. இந்த ஆள் கேஸ் போட்டா?" சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "இந்தப் பன்னெண்டையும் கழட்டுங்க. அதுக்குண்டான இரவலையும் கழிச்சிடுங்க. திட்டுறதுக்காக எடுத்ததெல்லாம் வாசிப்புல சேராது."

நாற்பத்து மூன்றில் பன்னிரண்டு போனால் முப்பத்தொன்று. கணக்குப் புரிந்ததும் ஏழெட்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பல்கம்பி கத்தவில்லை. தன் மூலை மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வக்கீல் முன்னால் வந்தாள். "சார், நாங்க பன்னெண்டு பேரும் கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிருக்கோம். எழுதின ஆளே அவ்வளவு தூரம் போயிருப்பாரான்னு சந்தேகம்."

"அப்படீன்னா அந்த எழுத்தாளர்கிட்ட 'ஆட்சேபணை இல்லை'ன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள. இல்லேன்னா நாளைக்குக் கூட்ட அறைக்கு நாற்காலி வந்துரும்."

"அவர் எங்க இருக்காரோ, உயிரோடதான் இருக்காரோ, யாருக்கு சார் தெரியும்?" வக்கீலின் குரல் முதல்முறையாக இறங்கியது.

நான் மேசைக்குப் போனேன். என் புழுகுச் சீட்டுகளில் ஒன்றை எடுத்தேன். 'விறுவிறுப்பான நடை'யைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் எழுதினேன்: 'மேற்படி நாவலின் ஆசிரியராகிய எனக்கு மேற்படி வசவுகளில் யாதொரு ஆட்சேபணையும் இல்லை. அவை யாவும் உண்மை.' கீழே புனைபெயர். அதற்கும் கீழே, சம்பளப் பட்டியலில் இருக்கிற என் பெயர்.

சுற்றறிக்கை இரண்டு தடவை படித்தார்.

"இதை எழுதினது நீங்களா?"

"அப்ப வயசு கம்மி சார்."

"ஊழியர் நூல் வெளியிடணும்னா முன்அனுமதி வாங்கணுமே?"

"வாங்கினேன் சார். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. படிக்காம."

அவர் சீட்டை நாலாக மடித்தார். "கோப்புல சேர்த்துடறேன்," என்றார். வாசல் வரை போனவர் திரும்பினார். "நாப்பத்து மூணு. சரி." மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் ஏறிப் போயிற்று.

யாரும் கைதட்டவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், துணி அவிழ்ந்துபோனவனைப் பார்ப்பது மாதிரி. வக்கீலின் காது சிவந்திருந்தது.

"சொல்லியிருக்கலாம்ல மாமா."

"சொல்லியிருந்தா திட்டியிருப்பியா?"

யோசித்தாள். "இன்னும் கேவலமா திட்டியிருப்பேன். ஆனா வீட்டுல வச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து பல்கம்பி வந்தாள். நாவல் அவள் கையில் இருந்தது. பன்னிரண்டாவது முத்திரை அவளுடையது.

"சார், அந்த நாய்க்கு என்ன ஆச்சு?"

ஒரு நல்ல பொய் சொல்லியிருக்கலாம். நாய் ஒரு குறியீடு, வாசகரின் கற்பனைக்கு விட்டிருக்கிறேன் என்று கயிறு திரித்திருக்கலாம். பின்னட்டைக்கு அழகாக இருந்திருக்கும்.

"மறந்துட்டேன்மா," என்றேன்.

"மறந்துட்டீங்களா?"

"நாலாவது அத்தியாயம் எழுதறப்ப ஞாபகம் வரல. ஓடிப்போயிருக்கும்னு வச்சுக்கோயேன். இந்த வக்கீல் அக்காதான் சீட்டுல எழுதியிருக்காளே."

"அது ஓடிப்போகல சார். அக்கா சரியாப் படிக்கல." பல்கம்பி பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தாள். "நாப்பத்தோராம் பக்கம். மழை பெய்யுது. கம்பத்துல கட்டிப் போட்டுட்டு அவன் மலை ஏறப் போறான். அவுத்தே விடல. தொண்ணூத்தாறு பக்கம் வரைக்கும் தேடிட்டேன்."

நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். என் எழுத்துதான். கயிறு, கம்பம், மழை எல்லாமே இருந்தன. அச்சானதற்குப் பிறகு நான் அதைத் திறந்தே பார்த்ததில்லை. என் புத்தகத்துக்கும் நான் பின்னட்டை வாசகனாகத்தான் இருந்திருக்கிறேன்.

இழுப்பறையிலிருந்து புது தேதிச் சீட்டு ஒன்றை எடுத்தேன். பழையதில் இடமில்லை. பசை தடவி அதன் மேல் ஒட்டி, என் உறுப்பினர் அட்டையை நீட்டினேன். வக்கீல் முத்திரையை எடுத்து, முதல் கட்டத்தில் நேராகக் குத்தினாள்.

"ரெண்டு நாள்ல திருப்பணும்," என்றாள்.

"சரி."

"படிக்காம வந்து நிக்கக் கூடாது."

"சரிம்மா தாயே."

பல்கம்பி தன் மூலை மேசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டிருந்தாள். நான் புத்தகத்தைப் பையில் வைக்கும்போது அங்கிருந்தபடியே சொன்னாள், சுவரைப் பார்த்துக்கொண்டு:

"வரும்போது அந்த நாயை அவுத்து விட்டுட்டு வாங்க சார்."