அண்ணைக்கு முன்னால் பிடிக்காத சிகரெட்

கல்யாணமான நாளிலிருந்து குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவி வைக்காத மனிதர் திடீரென்று வாஷ் பேசினைத் தேய்த்துக் கழுவத் தொடங்கினால், எந்தப் பெண்சாதிக்குத்தான் சந்தேகம் வராது? நகுலேஸ்வரிக்கும் பிந்தியென்றாலும் வந்தது. ஆடி மாதத்தில் ஒரு காலை, புவனேந்திரன் பூட்ட மறந்த பாத்ரூம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அவர் குனிந்து இருமிக்கொண்டிருந்தார். வெள்ளைப் பேசினில் சளி. சளியோடு ரத்தம்.

"பல்லு முரசு," என்றார் அவர், நிமிராமலே. "பிரஷ் கீறிப்போட்டுது."

"இருமேக்கையும் முரசோ கீறுது?"

அவர் தண்ணீரைத் திறந்துவிட்டார். பதில் சொல்ல விருப்பமில்லாத நேரமெல்லாம் அவருக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்கே டொக்டரிட்டைப் போறீங்கள். ரத்தம் வருது எண்டு வாய் திறந்து சொல்லுறீங்கள்."

"ஓம், ஓம். அண்ணை வருவார்தானே. சொல்லுறன்."

அந்த அண்ணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சண்முகராசா லண்டனில் அதே மோர்டன் பகுதியில் இரண்டு தெரு தள்ளி இருந்தார். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர். யார் வீட்டில் சாமத்தியச் சடங்கு என்றாலும் முன்வரிசையில் அவருக்கு ஒரு கதிரை போட்டிருக்கும். புவனேந்திரன் சுவிஸில் கட்டட வேலை செய்துவிட்டு, பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்க வேண்டும் என்று லண்டனுக்கு வந்தவர். சுவிஸ்காரன் தோற்றுப்போகும் அளவுக்கு அவனுடைய பாஷை பேசுவார். ஆங்கிலம் மட்டும் வரவே இல்லை. அதனால் வங்கியோ, கவுன்சிலோ, டாக்டரோ, அண்ணைதான் கூடப் போவார். டாக்டரின் சர்ஜரியில் தொலைபேசி மொழிபெயர்ப்பாளரைத் தருகிறோம் என்று சொல்லியும் பார்த்தார்கள். சண்முகராசா கையை ஆட்டி மறுத்துவிட்டார். "எங்கட வீட்டுக் கதையை ஏன் போனில ஆரோ ஒருத்தருக்குச் சொல்லுவான்? அதுவும் இந்தியாக்காரர் வந்தால் பாதி விளங்காது."

அண்ணனும் தம்பியும் இரண்டு தடவை போனார்கள். இரண்டு தடவையும் அன்டிபயோட்டிக்கோடு திரும்பி வந்தார்கள். நகுலேஸ்வரி பள்ளிக்கூடக் கிச்சனில் வேலை முடித்து வந்ததும் வராததுமாகக் கேட்பாள். "ரத்தம் எண்டு சொன்னனீங்களோ?"

"சொன்னன்."

"அதுக்கு டொக்டர் என்ன சொன்னவ?"

"நெஞ்சில சளி கட்டியிருக்காம். குளிசை போட்டால் சரியாம்."

குளிசை முடிந்தது. ரத்தம் முடியவில்லை. மூன்றாவது தடவை நகுலேஸ்வரி லீவு எடுத்துக்கொண்டு தானும் புறப்பட்டாள். சண்முகராசாவுக்கு அது பிடிக்கவில்லை. "நீர் ஏன் நகுலா மினக்கெடுறீர்? நான் இருக்கிறன்தானே," என்றார். அவள் காரின் பின்சீற்றில் ஏறி இருந்தாள்.

டாக்டரின் அறையில் இரண்டு கதிரைகள்தான் கிடந்தன. அண்ணனும் தம்பியும் அவற்றில் இருக்க, நகுலேஸ்வரி கதவோரம் நின்றாள். இளம் டாக்டர். பிழை சொல்லக்கூடாது, கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் கேட்டாள். இருமும்போது ரத்தம் வருகிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சண்முகராசா தம்பியின் பக்கம் திரும்பினார்.

"சளி எப்பிடிக் கிடக்குது எண்டு கேக்கிறா."

"அப்பிடியேதான் கிடக்குது, அண்ணை."

சண்முகராசா டாக்டரிடம் திரும்பி, "நோ பிளட், டொக்டர். ஒன்லி கோல்ட்," என்றார்.

நகுலேஸ்வரிக்குத் தன் காதுகளை நம்ப முடியவில்லை. பிளட் என்ற சொல் விளங்குவதற்கு யாரும் பட்டம் வாங்கத் தேவையில்லை. அவள் புருஷனைப் பார்த்தாள். அவருக்கும் அந்தச் சொல் விளங்கியிருந்தது. அவர் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டாள். புகைப்பிடிக்கும் பழக்கம் உண்டா? எப்போதாவது இருந்ததா?

இதைச் சண்முகராசா தம்பியிடம் கேட்கவே இல்லை. தலையைக்கூடத் திருப்பவில்லை. "நெவர்," என்றார்.

புவனேந்திரன் மீசை முளைத்த நாளிலிருந்து சிகரெட் பிடிப்பவர். சூரிச்சில் கட்டடச் சாரத்தில் ஏறி நின்று பிடித்தார், மோர்டனில் தோட்டத்து ஷெட்டுக்குப் பின்னால் நின்று பிடிக்கிறார். ஊருக்கே தெரியும். அண்ணனுக்கும் தெரியும். ஒருதரம் அவர் சொல்லாமல் வந்தபோது ஷெட்டுக்குப் பின்னாலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. அவர் வேலிப் பக்கம் திரும்பி, அங்கே நின்ற ரோசாச் செடியை விசாரிக்கத் தொடங்கினார். தம்பி சிகரெட்டைக் காலால் தேய்த்துவிட்டு, "வாங்கோ அண்ணை," என்று சிரித்துக்கொண்டு வந்தார். அண்ணனுக்குத் தெரியும் என்பது தம்பிக்குத் தெரியும். ஆனாலும் கண்ட மாதிரிக் காட்டிக்கொள்ளக்கூடாது, காண விடவும் கூடாது. இருவருக்கும் தலை நரைத்து, தம்பிக்குப் பேரப்பிள்ளையும் பிறந்துவிட்டது. இன்னும் இந்தக் கூத்து நடக்கிறது. எங்கள் ஆட்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் மரியாதை. நெருப்பில் போட வேண்டிய மரியாதை!

டாக்டர் கம்ப்யூட்டரில் தட்டத் தொடங்கினாள். இன்னொரு அன்டிபயோட்டிக் வரப்போகிறது என்று நகுலேஸ்வரிக்கு விளங்கியது. அவளுக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது.

"டொக்டர்!" என்றாள். சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளோடு கத்திப் பழகிய ஆங்கிலம். ரத்தம் வருகிறது என்றாள். பேசினில் என் கண்ணால் கண்டேன், ஒவ்வொரு நாளும் வருகிறது என்றாள். இவர் சொல்வது பொய் என்று மைத்துனரைக் கையால் காட்டினாள். சிகரெட்டா, ஒவ்வொரு நாளும் ஒரு பெட்டி, சின்ன வயதிலிருந்து என்றாள்.

"நகுலா, நீர் பேசாமல் இரும்!"

"பேசாமல் இருந்தது போதும், பெரியத்தான்."

டாக்டரின் கை தட்டச்சுப் பலகையிலேயே நின்றுவிட்டது. பிறகு கதிரையைத் திருப்பி நகுலேஸ்வரியோடு நேராகப் பேசினாள். இந்த வயதில் ஒருவர் இருமி ரத்தம் துப்பினால், அவர் புகைப்பவரோ இல்லையோ, நாங்கள் காத்திருப்பதில்லை என்றாள். இன்றைக்கே எக்ஸ்ரே, கூடவே ஆஸ்பத்திரிக்கு அவசரக் கடிதம். முதல் தடவையே சொல்லியிருக்கலாமே என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நகுலேஸ்வரிக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கார் நிறுத்துமிடத்தில் சண்முகராசா வெடித்தார். "நீர் என்ன செய்தனீர் தெரியுமோ? ரத்தம் எண்டால் கசம் எண்டுதான் நினைப்பாங்கள். பிறகு வீடு வீடா வந்து எல்லாரையும் செக் பண்ணுவாங்கள். கோயில்ல அன்னதானத்துக்குச் சமைக்கிறவன் இவன். பிறகு அங்க ஆர் வந்து வாய் வைப்பினம்?"

காச நோய் என்று சந்தேகிப்பார்களாம். அந்தப் பயத்தில்தான் இரண்டு மாதம் போயிருக்கிறது.

"கசத்துக்கு மருந்து கிடக்குது, பெரியத்தான். குளிசை போட்டால் மாறிப்போகும். உங்கட மானத்துக்கு என்ன குளிசை கிடக்குது?"

இந்தக் குடும்பத்தில் யாரும் அவரிடம் அப்படிக் கதைத்ததில்லை. சண்முகராசா காரில் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார்.

புவனேந்திரன் மெல்ல அவள் பக்கத்தில் வந்து நின்றார். "அண்ணைக்கு முன்னால நீ அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை."

"எதை? ரத்தத்தையோ?"

"அதில்லை. மற்றதை."

நகுலேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. கோபம் தலைக்கேறினால் வருகிற சிரிப்பு. மனிதருடைய நெஞ்சுக்குள்ளிருந்து ரத்தம் வருகிறது. அவருக்குச் சிகரெட் கதை அண்ணனுக்கு முன்னால் வந்துவிட்ட கவலை!

எக்ஸ்ரேயில் ஏதோ தெரிந்தது. ஸ்கானுக்குக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரைப் பார்க்க வரச் சொன்னார்கள். சண்முகராசா அங்கேயும் வந்தார். யாரும் கூப்பிடவில்லை, ஆனால் வராமல் இருக்க மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். தம்பியின் நெற்றியில் கோயில் திருநீற்றைப் பூசி, "ஒண்டும் இராது," என்றார். நகுலேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இந்த அறையில் கதிரைகள் போதுமான அளவு கிடந்தன. மேசையில் ஒரு தொலைபேசி, ஸ்பீக்கரில். வீட்டுக்காரர்களை வைத்து மொழிபெயர்ப்பதில்லை என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். தொலைபேசியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. இந்தியத் தமிழ்.

"வணக்கம் சார். டாக்டர் சொல்றத உங்ககிட்ட அப்படியே சொல்றேன். நீங்க சொல்றதயும் அவர்கிட்ட அப்படியே சொல்லிடுவேன். நானா எதையும் கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

டாக்டர் சொல்லச் சொல்ல அந்தக் குரல் சொல்லியது. வலது பக்க நுரையீரலில் ஒரு கட்டி இருக்கிறது. புற்றுநோய் போலத்தான் தெரிகிறது. ஊசியால் சிறு துண்டு எடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். அதன் பிறகே வெட்டி எடுக்கலாமா, வேறு மருந்தா என்று முடிவு செய்யலாம்.

பாதி விளங்காது என்று சண்முகராசா சொன்னாரே, ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. நகுலேஸ்வரி புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரோடு கோபப்படுவது என்று தெரியாத கோபம் அவளுக்கு. கட்டியோடு கோபப்பட முடியுமா?

"டாக்டர் சில கேள்வி கேக்கணும்னு சொல்றார் சார். சின்ன விஷயமா இருந்தாலும் மறைக்காம சொல்லுங்க. எந்த வைத்தியத்த உங்க உடம்பு தாங்கும்னு அத வெச்சுத்தான் பார்ப்பாங்க. ஒரு நாளைக்கு எத்தனை சிகரெட் பிடிப்பீங்க?"

புவனேந்திரன் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தார். கை கழுவும் முறையை விளக்கும் படம். அதை அவ்வளவு உன்னிப்பாக யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?"

இருந்தார். வாய் திறக்கவில்லை. புற்றுநோய் என்று சொல்லி முடித்த பிறகும் திறக்கவில்லை.

"பெரியத்தான், வெளியில போங்கோ," என்றாள் நகுலேஸ்வரி.

"நான் அவன்ர அண்ணன்!"

"அதாலதான் சொல்லுறன். எழும்புங்கோ."

சண்முகராசா தம்பியைப் பார்த்தார். தம்பி 'இருங்கோ அண்ணை' என்று சொல்வார் என எதிர்பார்த்திருக்க வேண்டும். அந்தச் சொல் வரவில்லை. அவர் எழுந்து, கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். கதவு சாத்தியதும் புவனேந்திரனின் தோள்கள் தாழ்ந்தன.

"இருபது," என்றார் தொலைபேசியிடம். "சில நாள் கூடவும் பிடிப்பன், பிள்ளை."

நகுலேஸ்வரிக்கு வெற்றி பெற்ற மாதிரி இருந்தது. இத்தனை வருடம் ஒருவரும் அசைக்காத மனிதரை எழுப்பி அனுப்பியாகிவிட்டது. இனி உண்மைக்கு என்ன தடை?

"ரொம்ப நல்லது சார். இருமும்போது ரத்தம் முதல் முதல்ல எப்ப வந்துச்சு?"

புவனேந்திரன் திரும்பி அவளைப் பார்த்தார்.

அது அண்ணனைப் பார்த்த அதே பார்வை. கண்ணைத் தூக்கி, முகத்தில் ஒருதரம் வைத்து, உடனே சப்பாத்துக்கு இறக்கிவிடும் பார்வை.

"ஆடி மாசம்," என்றார். "இவ கண்ட அண்டைக்குத்தான்."

பொய். பேசினைக் கழுவத் தொடங்கியது எப்போது? சித்திரை வருடப் பிறப்புக்கு முன்பே கழுவிக்கொண்டிருந்தார். பார்த்துச் சிரித்திருக்கிறாள். கடைசியில் புத்தி வந்துவிட்டது என்று தங்கச்சிக்குப் போன் பண்ணியும் சொன்னாள்.

"உடம்பு மெலிஞ்சிருக்கா சார்? நெஞ்சில, முதுகில வலி ஏதாவது?"

மறுபடியும் அந்தப் பார்வை. "இல்லை. ஒண்டும் இல்லை."

அவருடைய சட்டைக் கழுத்துக்குள் இரண்டு விரல் தாராளமாகப் போகும் போலிருந்தது. அதை அவள் இப்போதுதான் கண்டாள். அவருக்கு ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அண்ணனுக்கு மரியாதை, சரி. எனக்கு என்ன? கத்துவேன் என்று பயமா? அழுவேன் என்று இரக்கமா? எந்தப் பெயர் வைத்தாலும் விடை ஒன்றுதான். அவள் இந்த அறையில் இருக்கும்வரை டாக்டருக்கு உண்மை கிடைக்கப்போவதில்லை.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"தங்கச்சி," என்றாள் தொலைபேசியைப் பார்த்து. "இவர் இப்ப சொன்னதை டொக்டர் நம்பவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. நான் வெளியில போறன். பிறகு முதல்லயிருந்து கேளுங்கோ."

"சொல்றேன்மா," என்றது குரல்.

"நகுலா, நீ இரு," என்றார் புவனேந்திரன். பயந்த குரல்.

"நான் இருந்தால் பொய்தான் வரும். எனக்குச் சொல்லத் தேவையில்லை. என்னைக் கேக்க வைக்கவும் தேவையில்லை. அந்தப் பிள்ளைக்கு உள்ளதைச் சொல்லுங்கோ. ஒண்டையும் விடாமல் சொல்லுங்கோ."

வெளியே நடைபாதைக் கதிரையில் சண்முகராசா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் வருவதைக் கண்டு திகைத்தார். அவள் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் தொப்பென்று இருந்தாள்.

கதவுக்கு அப்பால் புவனேந்திரனின் குரல், தாழ்ந்து, தடக்கித் தடக்கி. அதன் பிறகு அது நிற்கவில்லை. சொற்கள் விளங்கவில்லை, குரல் மட்டும் வந்தது. அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி அவள் கேட்டதே இல்லை. நடுவில் ஒருதரம் இருமினார். இருமி முடித்துவிட்டு மறுபடி தொடங்கினார். யாரோ முகம் தெரியாத ஒருத்திக்கு எல்லாவற்றையும் கொட்டிக்கொண்டிருந்தார். நகுலேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை.

"இவ்வளவு நேரமா என்ன சொல்லுறான்?" என்றார் சண்முகராசா.

"உங்களுக்கும் எனக்கும் சொல்லாததை."

அவர் பொறுக்க முடியாமல் எழுந்து கதவுக் கைப்பிடியில் கை வைத்தார். நகுலேஸ்வரி அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்துக் கதிரையில் இருத்தினாள்.

"அவர் சொல்லி முடிக்கட்டும்," என்றாள்.