பெயிண்ட் படாத இடம்

கணவரின் அடக்கம் முடிந்து வந்தவள் வீட்டுக்குள் போகவில்லை. வாசலில் நின்ற வண்டியின் முன்மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டாள்.

"டேய், இங்க வா. இந்த ஹெட்லைட்டப் பாரு."

தம்பிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வண்டிகளுக்கு வயரிங் பார்ப்பதுதான் இருபது வருஷமாக அவன் பிழைப்பு. அதற்காகத் துக்கத்துக்கு வந்தவர்களை உள்ளே உட்கார வைத்துவிட்டா?

"நாளைக்குப் பாத்துக்கலாமேக்கா."

"பழுது லைட்டுலயா, என் கண்ணுலயா? அது எனக்கு இன்னைக்கே தெரிஞ்சாகணும்."

அவன் கருவிப்பெட்டியை எடுக்கப் போனான்.

அது பழைய வேன். அவள் கணவர் தச்சர். வேலையிலிருந்து ஓய்ந்ததும் அதற்குள் ஒரு வீட்டையே கட்டிவிட்டார். மடக்குக் கட்டில், அடுப்பு மேடை, எத்தனை குலுங்கினாலும் திறந்துகொள்ளாத இழுப்பறைகள். ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்றுகூட அவருக்குத் தெரியாது. முப்பது வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள் அவள்தான். "வீடு என் பொறுப்பு, ரோடு உன் பொறுப்பு" என்பார். ஆறு மாதமாக அவள் லைட் மங்கல், மங்கல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரோ தினமும் காலையில் லைட்டின் கண்ணாடியைத் துணியால் பளபளவென்று துடைத்துவிட்டு, "வண்டியில ஒரு குறையும் இல்ல. உனக்குத்தான் வயசாயிடுச்சு, போய்க் கண்ணக் காட்டு" என்று சிரிப்பார். காட்டினாள். படிப்பதற்கு மட்டும் கண்ணாடி போதும் என்றார் டாக்டர். அதற்கும் சிரித்தார். பிடித்தால் பிடித்த பிடிதான் அந்த மனுஷனுக்கு.

முந்தாநாள் இருட்டுகிற நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மடக்குக் கட்டிலில் படுக்க வைத்து வண்டியை எடுத்தாள். இரண்டு விளக்கும் அணையப்போகும் கரித்துண்டுபோல எரிந்தன. சாலை ஓரம் எது, பள்ளம் எது என்று தெரியாமல் ஊர்ந்தாள். ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் இடத்தைத் தவறவிட்டுப் பாலம் வரை போய்த் திரும்பி வந்தாள். பின்னாலிருந்து அவர் மூன்று தடவை கேட்டார், "வந்துடுச்சா?" என்று. பாலத்துக்கு அப்புறம் கேட்கவில்லை. தூங்கிவிட்டார் என்று அவள் நிம்மதிகூடப் பட்டாள்.

"ஒரு கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் அதை முடிக்கவில்லை.

அன்றிலிருந்து குழாயைத் திறந்தாலும், கதவைச் சாத்தினாலும் அவளுக்கு அந்தக் குரல் கேட்கிறது. வந்துடுச்சா? நேற்று ஒருமுறை வாய்தவறி, "இதோ, வந்தாச்சு" என்று பதிலும் சொல்லிவிட்டாள். பக்கத்திலிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தன் கண்ணில்தான் பழுது என்று ஆகிவிட்டால் தேவலை என்றிருந்தது. பழியைத் தானே சுமந்துகொண்டு போய்விடலாம். லைட்டில் என்றால் கோபம் அவர் பக்கம் திரும்பும். போய்ச் சேர்ந்துவிட்டவரோடு யார் சண்டை போடுவது?

தம்பி லைட்டைப் போட்டுவிட்டு மீட்டரை வைத்துப் பார்த்தான். "பேட்டரில பன்னெண்டரை வோல்ட் இருக்கு. பல்புக்கு ஒம்பதுதான் வருது."

"அப்படின்னா?"

"இரு."

ஒரு நீள வயரை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறுமுனையை லைட்டின் எர்த் வயரில் வைத்தான். எதிர்ச்சுவரில் வெளிச்சம் பளீரென்று அடித்தது. வயரை எடுத்ததும் மங்கியது.

"அப்போ என் கண்ணுல இல்ல" என்றாள்.

தம்பி குனிந்து, எர்த் வயரை இரும்புச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டைக் கழற்றினான். கொஞ்ச நேரம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழைய வண்டிதானக்கா. வயர் நைஞ்சிருக்கும்."

"பொய் சொல்லாத. நகரு."

நகர்ந்தான். வயர் உட்காரும் இடத்தில், போல்ட் துளையைச் சுற்றிக் கறுப்புப் பெயிண்ட் வழவழவென்று படிந்திருந்தது. போன வருஷம் துருப்பிடிக்கக் கூடாதென்று ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, சட்டம் முழுக்க இரண்டு கை பெயிண்ட் அடித்து, காய்ந்ததும் திரும்ப மாட்டியவர் அவர்தான். ஒரு வாரம் முதுகு நிமிரவில்லை.

"எர்த்துக்கு வெறும் இரும்பு வேணும்கா, கரண்ட் அது வழியாத்தான் பேட்டரிக்குத் திரும்பும். பெயிண்ட் இருந்தா கரண்ட் சரியாப் பாயாது." தம்பியின் குரல் தாழ்ந்தது. "மாமா இதையும் மரம் மாதிரி நெனச்சிட்டாரு."

மரத்தில் விரல்நுனி அளவு இடத்தைப் பூசாமல் விட்டாலும் ஈரம் புகுந்துவிடும் என்பார். அவர் வேலையில் யாரும் ஒரு குறை சொன்னதில்லை. அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் கூடவே வந்தது. "ஒரு வார்த்த என் பேச்சக் கேட்டீங்களா?" என்று பெயிண்டைப் பார்த்துக் கேட்டாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டு உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தான். பெயிண்ட் லேசில் போகவில்லை. அவ்வளவு நன்றாக அடித்திருந்தார்.

இருட்டத் தொடங்கியதும் அவள் வண்டியை எடுத்தாள். தம்பி பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டான்.

வழி நெடுக வெளிச்சம் தாராளமாக விழுந்தது. பள்ளங்கள் தெரிந்தன, ஓரத்துப் புல் தெரிந்தது. பின்னால் இழுப்பறைகள் மூச்சுக் காட்டவில்லை. ஒன்றாவது சத்தம் போட்டால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. இரண்டு தடவை தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

"முன்னாடி பாருக்கா."

பார்த்தாள். வெகு தூரத்தில், சாலையின் இடது பக்கம், ஆள் உயரத்துக்கு ஒரு நீலப் பலகை பளிச்சென்று எழுந்து நின்றது. அங்கிருந்தே எழுத்துக்கூட்டாமல் படிக்க முடிந்தது. மருத்துவமனை. அதற்குக் கீழே ஓர் அம்புக்குறி.

அவள் பிரேக்கை மிதித்தாள். வண்டி நடுரோட்டில் நின்றது.

பின்னால் வந்த ஒரு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்து, ஒதுங்கி, பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, ஆஸ்பத்திரிக்கா? வழி தெரியலயா? அதோ, எவ்வளவு பெரிய போர்டு நிக்குது பாருங்க."

"தெரியுதுப்பா" என்றாள். "நல்லாத் தெரியுது."

லாரி போய்விட்டது. அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.