முதல் வரி மட்டும் படிக்கிற கவுன்சிலர்

ஒன்பதாவது தெருவில் மூன்று வருடங்களாக இருட்டுவதில்லை. தெரு இருட்டாகக் கிடக்கிறது என்று மனு கொடுத்தார்கள். கம்பத்தில் பல்பு மாட்டுவதற்குப் பதில் கவுன்சிலர் இருட்டை எடுத்துவிட்டார். ஜன்னலுக்குப் போடும் கறுப்புத் துணி கொஞ்சம் விலை ஏறியது, மற்றபடி குறையில்லை. பதினோராவது தெருவில், மாடியில் குடியிருப்பவர் தொம் தொம் என்று நடக்கிறார் என்று கீழ்வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் தலைக்கு மேல் வானம் இருந்தது. மாடி எங்கே, ஆள் எங்கே என்று யாரும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் அதுவும் ஒரு புகாராகப் பதிவாகிவிடும். மாடிக்காரருக்கு வருகிற கடிதங்களைத் தபால்காரர் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார்.

மேயர் பதவிக்கு நின்றபோது கவுன்சிலர் இதையெல்லாம் நோட்டீஸில் போட்டார். வந்த மனுக்கள் ஆயிரத்து நாற்பது. தீர்ந்தவை ஆயிரத்து நாற்பது. ஒரு தேர்தல் நோட்டீஸில் பொய்யே இல்லை என்பதற்காக ஊர் நடுங்கியது அதுதான் முதல் தடவை. எதிர்த்து நின்றவர்கள்கூட அவரைப் பற்றிக் குறை சொல்லாமலே பிரசாரம் செய்தார்கள். ஆள் நல்லவர், கை சுத்தம். நேரம்தான் கிடையாது. அதனால் எந்த மனுவிலும் முதல் வரிக்கு மேல் படிக்க மாட்டார். இது அவருடைய உதவியாளருக்கு மட்டுமே தெரியும்.

ஏழாவது தெருத் தையல்காரிக்கு ரோடு வேண்டியிருந்தது. பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் இடுப்பு ஒடிந்து கட்டிலில் கிடந்தார். அந்தக் குண்டும் குழியுமான தெருவுக்குள் ஆம்புலன்ஸ் வர மறுத்தது.

"நேரா ரோடு வேணும்னு எழுதினா எவன் படிப்பான்? முதல்ல என்னைப் போடு. நாலு வரி அழு, அப்புறம் கேளு" என்றார் அவர்.

"உங்களை நினைச்சு அழ நாலு வரி எப்படிங்க பத்தும்? நோட்டே வாங்கணும்."

சிரித்துக்கொண்டேதான் எழுதினாள்: 'ஐயா, என் கணவர் ஒரு வருடமாகக் கட்டிலில் கிடக்கிறார்.' ரோடு ஐந்தாவது வரியில் வந்தது.

மனு உள்ளே போன பிறகு, ரோடு எப்போது வரும் என்று உதவியாளரிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

"ரோடா? எத்தனாவது வரியில இருக்குக்கா?"

"அஞ்சாவதுல."

"அவ்வளவு தூரம் அவர் போக மாட்டாரே. முதல் வரியில என்ன போட்டீங்க?"

சொன்னாள். உதவியாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"திருப்பிக் குடுத்துடுங்க தம்பி. கால்ல வேணா விழுறேன்."

"உள்ள போனது வெளிய வராதுக்கா. அஞ்சு மணிக்குள்ள இன்னொண்ணு குடுங்க. பத்து நிமிஷம் இருக்கு. யோசிச்சு எழுதுங்க."

யோசிக்கத்தான் செய்தாள். ஆனால் எழுதியது கை. முதலில் அழுது பிறகு கேட்கும் பழக்கம் அந்தக் கைக்கு. 'ஐயா, எனக்குப் பயமாக இருக்கிறது' என்று எழுதினாள். முந்தைய மனுவை ரத்து செய்யும்படி அடுத்த வரியில் மன்றாடியிருந்தாள். உதவியாளர் எட்டிப் பார்ப்பதற்குள் மணி அடித்தது, தாளை உள்ளே எடுத்துப் போய்விட்டார்கள்.

காலை ஆறு மணிக்குக் கட்டில் காலியாக இருந்தது. போர்வையை யாரோ ஓரம் பிசகாமல் மடித்து வைத்திருந்தார்கள். தையல்காரி அதைப் பார்த்தாள். பயமாக இல்லை. கட்டிலைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, மெஷினை அந்த இடத்துக்கு நகர்த்தினாள். அங்கே வெளிச்சம் நன்றாக விழுந்தது. கவுன்சிலர் மேயரானார். ஓட்டுப் போட ஊரே வரிசையில் நின்றது. நடுங்காமல் நின்றவள் அவள் ஒருத்திதான்.