தட்டிவிட்டு நிற்பது

1

இந்தக் கதை ஒரு கதவுத் தட்டலில் பிறந்தது. பெரிதாக நினைத்துவிடாதீர்கள், என் வீட்டில், என் அறைக் கதவுதான். அண்ணி தட்டினார். நான் குரல் கொடுக்கும்வரை வெளியிலேயே நின்றார். எங்கள் வீட்டில் தட்டிவிட்டு நிற்கிற வழக்கம் யாருக்கும் கிடையாது. தட்டுகிற வழக்கமே கிடையாது.

"என்ன அண்ணி, புதுசா?" என்றேன்.

"வேலைப் பழக்கம், தம்பி."

2

தொடக்கம் ஒன்று: ஊரே அடங்கிய நள்ளிரவில், தியாகமே உருவான ஒரு பெண்

(அடித்துவிட்டேன். அண்ணி படித்தால் சிரிப்பார். சம்பளத்துக்குத்தான் போகிறார்.)

தொடக்கம் இரண்டு: அண்ணி வேலைக்குப் போகிற வீட்டில் தனித்தனி அறைகள். தனியாக இருக்க முடியும், ஆனால் கொஞ்சம் துணை வேண்டும் என்கிறவர்கள் குடியிருக்கிறார்கள். அவரவர் அறைச் சாவி அவரவர் கையில். ராத்திரித் துணை அண்ணி. விடியும்வரை கண் மூடக் கூடாது. எல்லா அறைக்குமான பொதுச் சாவி அவரிடம் உண்டு. ஆனாலும் தட்டிவிட்டு, உள்ளிருந்து குரல் வந்த பிறகுதான் நுழைய வேண்டும்.*

* உயிருக்கு ஆபத்தென்றால் நுழையலாம். எது ஆபத்து என்று முடிவெடுக்கத்தான் சம்பளம் என்பார் அண்ணி.

இது தேவலை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

கதாநாயகர் டிரைவர். பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் ஓய்ந்துபோனது. முதலில் அவரைப் பரிதாபமாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. ஆள் முன்கோபி, அறைச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பவர். அந்த வீட்டின் மேற்பார்வையாளர் அவரிடம் நேராகவே சொல்லியிருந்தார்: "இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா பெரிய இல்லத்துக்கு மாத்த வேண்டியிருக்கும்." அங்கே வரிசையாகக் கட்டில்கள். சாவி கிடையாது.

ஒரு ராத்திரி அவர் அறையில் தொப்பென்று சத்தம்.

4

அண்ணி ஓடிப்போய்த் தட்டினார். பொதுச் சாவி கையில்.

"வராதம்மா. நானே எழுந்துக்கறேன்."

"தலையில அடிபட்டுச்சா, அண்ணே?"

"இல்ல. மானத்துலதான்."

(இந்த இடத்தில் அண்ணி உள்ளே பாய்ந்து அவரைத் தூக்குவதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். விறுவிறுப்பாகவே இருந்தது. அண்ணி செய்தது அதைவிடக் கடினம்.)

அண்ணி கதவோரம் தரையில் உட்கார்ந்துகொண்டார். "வலி ஏதாச்சும்? ரத்தம்?"

"ஒண்ணும் இல்ல."

"சரி, அவசரமில்ல. நல்ல பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. முட்டி போட முடியுதா? நாற்காலி எட்டுதா?"

உள்ளே ஏதோ இழுபட்டது. மூச்சு வாங்கியது. ஒரு வசவு வந்தது. தூக்கிவிடத் துடித்த கைகளை மடியில் அடக்கிக்கொண்டு அண்ணி

கைகளைச் சும்மா வைத்திருப்பதை எப்படி எழுதுவதென்று எனக்குப் பிடிபடவில்லை. நானாக இருந்தால் கதவைத் திறந்திருப்பேன், அது அவர் வீடு என்பதையே கெடுத்திருப்பேன். அண்ணியை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

கடைசியில் உள்ளிருந்து சாவி திரும்பியது. டிரைவர்தான் திறந்தார், நின்றபடி.

"விடிஞ்சதும் சொல்லிடுவியாம்மா?"

"சொல்லித்தானே ஆகணும், அண்ணே."

அவர் கொஞ்ச நேரம் சாவியைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்போ நான் எழுந்து நின்னதையும் சேத்துச் சொல்லு. யார்கிட்ட வேணும்னாலும் சொல்லு."

5

"மறைச்சிருக்கலாமே அண்ணி?"

"மறைச்சா, அடுத்த ஆளு விழுந்தாலும் மறைக்கணும். விழுந்தாருன்னு சொன்னேன் தம்பி. தானே எழுந்தாருன்னும் சொன்னேன்."

"அதுக்கு மேற்பார்வையாளர் என்ன சொன்னாரு?"

"எழுந்து நின்ன வரைக்கும்தான் டிரைவர் அண்ணன் என்கிட்ட சொல்லச் சொன்னாரு. மிச்சம் அவர் வீட்டுச் சமாச்சாரம். வேணும்னா போய்த் தட்டிப் பாருங்க."

6

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அந்த அறையில் டிரைவர் இருக்கிறார்; மற்றதில் வேறு யாரோ. இரண்டுமே சரளமாக எழுத வந்தன. அதுதான் பயமாக இருந்தது.

ஆகவே இப்போது, பட்டப்பகலில், அந்த அறைக் கதவுக்கு முன்னால் நிற்கிறேன். தட்டிவிட்டேன். உள்ளே நாற்காலி நகர்கிறது. யாரோ மெதுவாக எழுந்திருக்கிறார்.

கதை எழுதுகிறவன் கையிலும் ஒரு பொதுச் சாவி உண்டு. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நீங்களும் என்னோடு நில்லுங்கள். குரல் வரட்டும்.